காவியும் சுண்ணாம்பும்: பெங்களூரு மேட்டுநிலத்தில் மண்வண்ணங்களின் வரலாறு

மைசூர்ப் பீடபூமியின் ஓவிய வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அரண்மனையில் தொடங்கி, அங்கே வளர்ந்த சித்திரக்காரர் குடும்பங்களைப் பின்தொடர்ந்து, இறுதியில் பெங்களூருவின் ஓவியப் பள்ளிகளில் வந்து நின்றிருக்கிறார்கள். அந்தப் பாதையில் இயற்கை வண்ணம் என்ற தொடர் பெருமிதத்தோடு அடிக்கடி வந்துபோகிறதே தவிர, எந்த வண்ணம் எந்தக் குழியிலிருந்து வந்தது, எது விலைக்கு வாங்கப்பட்டது, எது கூடையில் அள்ளி வரப்பட்டது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அதைக் கேட்டுப் பார்த்தால் வரலாறு வேறு வடிவம் கொள்கிறது. மண்ணிலிருந்து நேரே எடுக்கும் வண்ணங்களை இப்பகுதியில் இடைவிடாமல் காத்து வந்தவர்கள் அரசவை ஓவியர்கள் அல்லர். சுவர் பூசியவர்களும் பானை வனைந்தவர்களும் வாசற்கோலத்துக்குக் கரையிட்டவர்களுமே. இன்று பெங்களூருவைச் சுற்றியுள்ள நிலத்தில் மண்ணைச் சேகரித்து, அரைத்து, அதைக் கொண்டு தீட்டும் ஓவியர் ஒருவர் தம் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால், மைசூரின் ஜகன்மோகன அரண்மனையைவிட மலைநாட்டுக் குடியானவர் வீட்டுச் சுவரே அவருக்கு நெருங்கிய உறவாக இருக்கும்.

மண்வண்ணம் என்பது இங்கே வரையறுத்த பொருளில் ஆளப்படுகிறது. வண்ணப் பொருள்களைச் சாயம் என்றும் நிறமி என்றும் பிரிப்பது வழக்கம்: மஞ்சிட்டி, சாயவேர் போல நீரில் இறங்கி நூலிழைக்குள் ஊறுவது சாயம், கரையாமல் பொடியாகவே நின்று, ஏதேனும் ஒரு பசையின் துணையோடு பரப்பின்மேல் ஒட்டிக்கொள்வது நிறமி. நிறமிகளிலும் இரு வகை உண்டு. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம், பாஷாண வகையான அரிதாரம், நீலத்துக்கு உதவும் லாபிஸ் லசூலி என்னும் கல் போன்றவை உலகில் சில இடங்களில் மட்டுமே கிடைத்து, வணிகர் கைமாறி வந்தவை. காவிக்கல், மஞ்சள் மண், பச்சை மண், வெள்ளைக் களிமண் ஆகியவையோ நிலத்தின் மேற்பரப்பிலேயே கிடைப்பவை. மண்வண்ணம் என்ற பெயர் இவற்றுக்கே உரியது. இவற்றுள் சிவப்புக்குக் காரணம் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. மஞ்சளுக்குக் காரணம் அதே இரும்பு ஆக்சைடு நீரையும் தன்னுள் கட்டிவைத்திருக்கும் கோதைட் என்னும் கனிமம். மஞ்சள் மண்ணை வாணலியில் இட்டு வறுத்தால் அந்த நீர் வெளியேறி மண் சிவந்துவிடும் என்பதால், மஞ்சள் குழி ஒன்று வாய்த்தவருக்கு இரண்டு வண்ணங்களும், இடையிலுள்ள ஆரஞ்சு, பழுப்புச் சாயல்களும் கைவசமாகிவிடுகின்றன.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு, உலகின் மிகப் பழைய பாறைத் தொகுதிகளுள் ஒன்றின்மீது நிற்கிறது. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்துக்குள் தலைதூக்கி நிற்கும் பாறைமேடு, சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுள்ள தீபகற்ப நைஸ் என்னும் வரிப்பாறையின் ஒரு முனை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. இப்பாறையிலுள்ள கருப்பு அப்பிரகமும் பிற இரும்புக் கனிமங்களும் மழையிலும் வெயிலிலும் சிதையும்போது வெளிப்படும் இரும்பு, காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி, உடன் உருவாகும் களிமண் துகள்களின்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. நகரின் அடித்தளக் குழிகளில் எங்கும் தென்படும் செம்மண் இப்படி உண்டானதுதான். ஆயினும் இம்மண்ணில் இரும்பின் பங்கு அதிகமில்லை. எவ்வளவு கழுவிப் பிரித்தாலும் செங்கல் நிறமோ பழுப்புச் சிவப்போதான் கிடைக்குமே அன்றி, அடர்ந்த இரத்தச் சிவப்பு வராது. அந்தச் சிவப்பு வேண்டுமானால் வடக்கே சந்தூர், ஹொசபேட்டை, பெல்லாரிப் பக்கத்து மலைகளுக்கோ மேற்கே பாபாபுதன் மலைத்தொடருக்கோ போக வேண்டும். மைசூர் அரசு 1894இல் பெங்களூருவில் தன் புவியியல் துறையை நிறுவியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், தென்னிந்தியாவின் பழங்கற்காலத்தை 1863இல் பல்லாவரத்துக் கற்கோடரியால் வெளிக்கொணர்ந்தவர். பெல்லாரி மலைகளை நடந்தே அளந்தவரும் அவரே.

மண்ணை வண்ணமாக்கும் வேலை பார்ப்பதற்கு எளிது, பழகினால்தான் கடினம் தெரியும். வேரும் மக்கிய இலையும் கலந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுத்து, நன்றாகக் காயவைத்து, இடித்துச் சலிக்கிறார்கள். சலித்த மண்ணை நிறைய நீரில் கரைத்துக் கலக்கியதும் கனமான மணல் சில நொடிகளில் அடியில் தங்கிவிடும். அப்போது மேலே மிதக்கும் கலங்கல் நீரை மட்டும் மற்றொரு பாத்திரத்தில் இறுத்து, ஓரிரு நாள் அசையாமல் வைத்தால், வெண்ணெய்போல் மென்மையான வண்டல் படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு அந்த வண்டலை மறுபடியும் கரைத்து மறுபடியும் இறுத்தால் இன்னும் நுண்ணிய பொடி கிடைக்கிறது. எத்தனை முறை இறுப்பது என்பது வெறும் தூய்மையைப் பற்றிய கேள்வி அன்று. ஹெமடைட் துகள் மிக நுண்ணியதாக இருக்கையில் ஒளிரும் சிவப்பாகவும், பருத்ததாக இருக்கையில் ஊதா கலந்த சிவப்பாகவும் தெரியுமாதலால், ஒரே குழியின் மண்ணே இறுக்கும் நேரத்துக்கு ஏற்பப் பல சிவப்புகளாகப் பிரிகிறது. உலர்ந்த பொடியைக் கல்லில் இட்டு, வேலம் பிசின், புளியங்கொட்டைப் பசை, தோல்வச்சிரம், முட்டைக்கரு ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்து அரைத்த பிறகே அது தீட்டும் வண்ணமாகிறது. சுவருக்கு மட்டும் பசை தேவையில்லை. அங்கே அதன் வேலையைச் சுண்ணாம்பு ஏற்றுக்கொள்கிறது. இந்த வேறுபாடு பின்னால் பெரிதாகப் பயன்படும்.

இப்பீடபூமியில் மண்வண்ணத்தின் மிகப் பழைய தடயங்கள் கருங்கல் குன்றுகளில் இருக்கின்றன. கொப்பள் மாவட்டத்து ஹிரே பெணகலில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை அடுத்த பாறை ஒதுங்கிடங்களிலும், எஃப். ஆர். ஆல்சின் 1950களில் அகழ்ந்த ராய்ச்சூர் மாவட்டத்துப் பிக்லிஹாலைச் சூழ்ந்த குன்றுகளிலும், மனிதரும் விலங்கும் காவியில் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அவை பலருக்கும் தெரிந்தவை. அவற்றைவிட அதிகம் சொல்லக்கூடிய சான்று ஓட்டுச் சில்லுகளில் இருக்கிறது. 1947இல் மார்ட்டிமர் வீலர் சித்திரதுர்கப் பகுதியில் பிரம்மகிரியையும் சந்திரவள்ளியையும் அகழ்ந்தபோது, கிறித்துவ ஊழியின் முதல் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அடுக்குகளில், செங்காவிப் பூச்சின் கீழ் வெண்கோடுகள் ஓடும் ஒருவகைப் பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. வனைந்த பானையின்மேல் வெள்ளைக் களிமண்ணாலோ சுண்ணாம்பாலோ கோடிழுத்து, அதன்மேல் காவிக் கரைசலைப் பூசிச் சுட்ட இந்த முறையில், இரண்டே மண்கள் முழு அலங்காரத்தையும் செய்துவிடுகின்றன. அதே வகைச் சில்லுகள் கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் கிடைத்திருப்பதால், பீடபூமியும் கொங்கு நாடும் ஒரே மண்பழக்கத்தைப் பகிர்ந்துகொண்டன என்று கொள்ளலாம். சிவப்புத் தளமும் வெள்ளைக் கோடும் என்ற இந்த இணை, அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகளில் பீடபூமியின் சுவர்களில் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது.

ஏட்டில் எழுதப்பட்ட ஓவிய இலக்கணம் வேறொரு உலகத்தைக் காட்டுகிறது. கல்யாணியை, அதாவது இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவகல்யாணை, தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் சுமார் 1130இல் இயற்றிய மானசோல்லாசம், நூறு அத்தியாயங்களில் அரச வாழ்வின் எல்லாத் துறைகளையும் பேசும் வடமொழிக் களஞ்சியம். சுவரோவியம் பற்றிய அதன் பகுதி இன்றும் ஒரு பட்டறைக் கையேடாகப் படிக்கத்தக்கது. எருமைத் தோலை நீரில் வெண்ணெய் பதம் வரும்வரை காய்ச்சி, குச்சிகளாக உருட்டி வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ளும் வச்சிரலேபம் என்னும் பசையையும், அந்தப் பசையில் வெண்மண்ணைக் குழைத்துச் சுவரில் மும்முறை பூசுவதையும், கன்றுக்குட்டியின் காதுமயிரை அரக்கால் ஒட்டித் தூரிகை செய்வதையும், விளக்குக் கரியையும் சோற்றுப் பசையையும் உருட்டி எழுதுகோல் செய்வதையும் அரசர் அலுக்காமல் விளக்குகிறார். வண்ணங்களுக்கு வரும்போது, வெள்ளைக்குச் சங்கு, மஞ்சளுக்கு அரிதாரம், கருப்புக்கு மை என ஒவ்வொன்றைச் சொல்பவர், சிவப்புக்கு மட்டும் மூன்றைச் சொல்கிறார்: சாதிலிங்கம், அரக்குச் சிவப்பு, கைரிகம் எனப்படும் காவிக்கல். பட்டியல் முழுவதிலும் தீட்டும் நிறமாக மண் வருவது அந்த மூன்றில் ஒன்றாக மட்டுமே. சாதிலிங்கமும் அரிதாரமும் கடைச்சரக்கு, அரக்கு காட்டுச்சரக்கு. தன் ஆட்சிப் பரப்பிலேயே மலைமலையாகக் கிடந்த செம்மண்ணை அரசவை இலக்கணம் மூன்றாம் இடத்தில் வைத்தது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. அரண்மனையைப் பொறுத்தவரை வண்ணத்தின் மதிப்பு அது வந்த தொலைவைச் சார்ந்திருந்தது. 1709இல் கெளதி அரசன் பசவப்ப நாயக்கன் இயற்றிய சிவதத்துவ ரத்னாகரம் என்னும் பிற்காலக் களஞ்சியமும் ஓவியத்தைப் பேசுகிறது. ஆனால் அந்த அரசனின் ஊர்ப்புறத்திலேயே பெண்கள் செம்மண் சுவரில் வரைந்துகொண்டிருந்த கலைக்கு அத்தகைய ஏடு எதுவும் தேவைப்படவில்லை.

கோயில்களில் நிலைமை வேறு, அதற்குக் காரணம் வேதியியல். புதிதாகப் பூசிய சுண்ணாம்பு கடும் காரத்தன்மை உடையது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாக இறுகும்போது, தன்மேல் தீட்டிய துகள்களைத் தன்னோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. அந்தக் காரத்தைத் தாங்கி நிறம் மாறாமல் நிற்கும் பொருள்கள் சிலவே; இரும்பு ஆக்சைடுகளும் பச்சை மண்ணும் கரியும் அவற்றுள் முதன்மையானவை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலப் பூச்சின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தபின், சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, சுதை ஈரமாக இருக்கையிலேயே தீட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். அவர் இனங்கண்ட நிறமிகளில் செங்காவி, மஞ்சள் காவி, பச்சை மண், சுண்ணாம்பு வெள்ளை, கரி ஆகியவை சேர்ந்திருக்க, தொலைவிலிருந்து வந்த பொருள் நீலம் ஒன்றே. பெங்களூருவுக்கு வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டரில், விஜயநகர அதிகாரி விருபண்ணர் பதினாறாம் நூற்றாண்டில் எழுப்பிய லேபாட்சி வீரபத்திரர் கோயிலின் விதானங்களைப் பார்ப்பவர்கள் உடனே உணர்வது, நீலம் ஏறக்குறைய இல்லாத அந்த ஓவியங்களின் செம்பழுப்பும் கருப்பும் வெண்மஞ்சளும் பச்சையும்தான். தும்கூருக்கு வடக்கே சீபி நரசிம்மர் கோயிலில், ஹைதர், திப்பு ஆகியோரிடம் பணிபுரிந்த நல்லப்பாவின் குடும்பம் எழுப்பிய மண்டபத்தின் விதானத்திலும் இராமாயணக் காட்சிகளோடு ஹைதரின் தர்பாரும் இடம்பெறுகிறது. சுண்ணாம்புச் சுவர் இருந்தவரை காவிக்கு வேலை இருந்தது. சிற்ப நூல்கள் அதை எந்த இடத்தில் வைத்தன என்பதைப் பற்றிச் சுவருக்குக் கவலை இல்லை.

தாளிலும் பலகையிலும் வளர்ந்த மைசூர் ஓவியத்தின் கதை இதற்கு எதிர்த்திசையில் போயிற்று. 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத்திலிருந்து சிதறிய சித்திரக்காரர் குடும்பங்களில் சில ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜ உடையாரின் ஆதரவைப் பெற்றன என்பதும், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், அதாவது 1799 முதல் 1868 வரையான நெடிய காலத்தில், அந்தக் கலை உச்சத்தை எட்டியது என்பதும் பொதுவாக ஏற்கப்பட்ட செய்திகள். புளிய விறகுக் குச்சிகளைக் கரியாக்கி வரைகோலாகக் கொண்டு, அணில் மயிர்த் தூரிகையால் தீட்டி, பிசினில் குழைத்த வெள்ளைப் பொடியால் மேடு எழுப்பி அதன்மேல் தங்கத்தகடு பதித்த இவ்வோவியர்கள், சங்குவெள்ளை இருந்த இடத்தில் துத்தநாக வெள்ளையையும், விலைமிக்க நீலக்கல் இருந்த இடத்தில் ஐரோப்பாவில் 1828 வாக்கில் செயற்கையாகச் செய்யப்பட்ட நீலப்பொடியையும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றும் இல்லை. வண்ணத்தை எப்போதும் கடையில் வாங்கிப் பழகிய ஒரு தொழில், நல்ல சரக்கு மலிவாக வந்தபோது அதை வாங்கியது, அவ்வளவுதான். ரவி வர்மா தம் இறுதி ஆண்டுகளில் மைசூர் அரண்மனைக்காகப் புராண ஓவியங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியபோது மாற்றம் முழுமை பெற்றது. அந்தச் சித்திரக்கார மரபிலேயே 1886இல் பிறந்து, கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, பின்னர் பெங்களூருவில் வாழ்ந்து 1965இல் மறைந்த கே. வெங்கடப்பா, நீர்வண்ணத்திலும் சுதைப் புடைப்புச் சிற்பத்திலும் தம் திறனைக் காட்டினார். கஸ்தூர்பா சாலையிலுள்ள அவர் பெயர்கொண்ட கலைக்கூடத்தில் உதகமண்டலத்து மூடுபனி உண்டு, மைசூரின் செம்மண் புழுதியைத் தேடினால் கிடைக்காது.

ஆகவே, மண்வண்ணம் பிழைத்த இடங்களைத் தேடி மேற்கே போக வேண்டியிருக்கிறது. கோவாவிலிருந்து கர்நாடகக் கடற்கரையின் கும்டா, கோகர்ணம், பட்கல் வரை கொங்கணியர் கோயில்களிலும் வீடுகளிலும் வழங்கிய காவிக்கலை, தென்னாட்டில் மண்வண்ணத்தின் மிக நுட்பமான பயன்பாடுகளுள் ஒன்று. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மணலும் வெல்லநீரும் சேர்த்துப் பல நாள் புளிக்கவைத்து இடித்து, சுவரில் தடிப்பாகப் பூசுகிறார்கள். அது இறுகும் முன்பே, லேட்டரைட் எனப்படும் செம்புறைக்கல் நிலத்தில் கிடைக்கும் செம்மண்ணிலிருந்து எடுத்த காவியை அதன்மேல் மெல்லிய அடுக்காக ஏற்றி மழமழப்பாகத் தேய்க்கிறார்கள். பிறகு கூரிய இரும்பு ஊசியால் காவியைக் கீறி அகற்ற, அடியிலுள்ள வெள்ளை உருவமாக வெளிப்படுகிறது. வண்ணத்தை ஏற்றுவதற்குப் பதிலாக நீக்குவதால் சித்திரம் உண்டாகும் இம்முறைக்கு இத்தாலியச் சுவர்களிலும் இணை உண்டு. அங்கே அதை ஸ்கிராஃபிட்டோ என்கிறார்கள். தவறாகக் கீறிய கோட்டை அழிக்க வழியில்லை, சுதை இறுகிவிட்டால் மேலே தொடரவும் வழியில்லை. ஆதலால் கைவேகம் இல்லாதவருக்கு இக்கலை கைகொடுக்காது. கடற்கரையின் கனத்த பருவமழையில் வெறும் பூச்சு கரைந்துபோகும் சுவர்களில், கீறல் சித்திரங்கள் பல தலைமுறை நின்றன. ஹொன்னாவரத்தில் பிறந்து பெங்களூருவில் வாழ்ந்த ஆய்வாளர் கிருஷ்ணானந்த காமத், கோயில்கள் இடித்துக் கட்டப்பட்டுச் சுவர்கள் மறைந்துகொண்டிருந்த காலத்தில் இவற்றைப் படமெடுத்தும் எழுதியும் பதிவுசெய்தார். இல்லையென்றால் இன்று பேசுவதற்கே பல சுவர்கள் மிஞ்சியிரா.

மலைநாட்டுச் சாகர வட்டாரத்தில் தீவரு சமூகத்துப் பெண்கள் வரையும் ஹசெ சித்தாரா இன்னும் எளிய பொருள்களால் ஆனது. மணமக்கள் அமரும் இடத்துக்குப் பின்னுள்ள சுவரைச் செம்மண் கரைசலால் மெழுகி, அரிசியை ஊறவைத்து அரைத்த மாவால் வெண்கோடும், கருக வறுத்த அரிசியால் கருங்கோடும், குருகெ என்னும் காட்டு விதையால் மஞ்சளும் இடுகிறார்கள். தூரிகை என்பது புண்டி, அதாவது புளிச்சைச் செடியின், நாரைக் கட்டிய ஒரு சிறு கற்றை. நேர்கோடுகளையும் முக்கோணங்களையும் அடுக்கி மணமக்கள், பல்லக்கு, நெற்கதிர், கோபுரம் எல்லாவற்றையும் கட்டியெழுப்பும் இந்த வரைமுறையில் வளைகோடு அபூர்வம். முன்னர்ச் சொன்ன பானை ஓடுகளின் சிவப்புத் தளமும் வெண்கோடும் இங்கே மீண்டும் எதிர்ப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே நேர்த்தொடர்ச்சி உண்டு என்று வாதிடத் தேவையில்லை, ஒரே நிலமும் ஒரே பொருள்களும் ஒரே தீர்வை மறுபடி மறுபடி தந்திருக்கக்கூடும். இங்கே கருதவேண்டியது இக்கலையின் பொருளாதாரம். சுவரை மெழுகுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலைக்குள்ளேயே ஓவியம் அடங்கிவிட்டதால் அதற்கெனத் தனிச் செலவும் இல்லை, தனி ஆதரவாளரும் வேண்டியதில்லை. அரசு மாறியபோது அரண்மனை ஓவியன் வேலை இழந்தான். திருமணங்கள் நடந்தவரை ஹசெ சித்தாராவுக்கு ஓய்வில்லை. சிமென்ட் சுவரும் எனாமல் பெயின்டும் வந்தபோதுதான் அதற்கு முதல் நெருக்கடி வந்தது, ஏனெனில் மெழுகும் வேலையே அப்போது நின்றுபோயிற்று. இன்று பெங்களூருவில் சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்தும் சித்திரச் சந்தையில் ஹசெ சித்தாரா சட்டமிட்ட தாளாக விற்கப்படுகிறது. கலை பிழைத்திருக்கிறது, அதன் சுவர் போய்விட்டது.

பெங்களூரு நகருக்குள்ளும் மண்வண்ணம் முற்றாக மறையவில்லை, கலை என்ற பெயர் இல்லாமல் உலவியது. 1800இல் இவ்வழியே பயணித்த பிரான்சிஸ் புக்கானன் பேட்டையின் நெசவாளரையும் சாயக்காரரையும் விரிவாக விவரித்திருக்கிறார். வாசலில் காவியிட்ட பெண்கள் அத்தகைய கணக்குகளில் ஒரு தொழிலாக இடம்பெறக் காரணமில்லை. கிரந்திகெ அங்கடி எனக் கன்னடத்தில் வழங்கும், தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைக்கு இணையான கடைகளில், மூலிகைகளுக்கும் பூசைப் பொருள்களுக்கும் நடுவே காவிக்கட்டியும் கோபிசந்தனமும் இன்றும் கிடைக்கின்றன. அல்சூரிலும் மல்லேசுவரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நல்ல நாள்களில் மாக்கோலத்தைச் சுற்றி இடும் செங்கரையும், கோயில் மதில்களின் வெள்ளை, சிவப்புப் பட்டைகளும் அந்தக் கட்டிகளிலிருந்து வந்தவையே. 1890களில் பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய புதிய குடியிருப்புகள் வகுக்கப்பட்டு, 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் மக்கள் நெரிசலான பேட்டையை விட்டு அங்கே பரவியதன் தொடர்ச்சியாக, பின்வந்த பல பத்தாண்டுகளில் எழுந்த வீடுகளின் அடையாளமாகிவிட்டது சிவப்புத் தரை. இரும்பு ஆக்சைடுப் பொடியைச் சுண்ணாம்பிலோ சிமென்டிலோ கலந்து மேற்பூச்சாக இட்டு, கரண்டியால் விடாமல் தேய்த்து, நாள்கணக்கில் நீர் கட்டிப் பதப்படுத்தி, தேங்காயெண்ணெய் தடவி மெருகேற்றும் இத்தரையில், கொத்தனாரின் கை ஒரே மூச்சில் ஓட வேண்டும். நடுவில் நிறுத்தினால் இணைப்புக் கோடு தெரிந்துவிடும். காரத்தைத் தாங்கும் அதே குணம்தான் காவியை லேபாட்சியின் விதானத்திலும் பசவனகுடிக் கூடத்தின் தரையிலும் ஒருசேர நிற்கவைத்தது. ஓவிய வரலாறுகள் இந்தத் தரைகளைச் சேர்த்துக்கொள்ளாதது ஒரு குறைதான்.

அதே ஹெமடைட் மற்றொரு கணக்கிலும் எழுதப்பட்டது. பாபாபுதன் மலையின் கெம்மண்ணுகுண்டியிலிருந்து கிடைத்த தாதுவை உருக்க 1923இல் பத்ராவதியில் மைசூர் இரும்பாலை உற்பத்தியைத் தொடங்கியது; இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் தேவை பெருகியபோது பெல்லாரி, சந்தூர் மலைகள் லாரி லாரியாகத் துறைமுகங்களுக்குப் போய், சட்டவிரோதச் சுரங்கங்கள் பெருகி, இறுதியில் 2011இல் உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் இரும்புத்தாதுச் சுரங்கங்களை நிறுத்தவேண்டிய நிலை வந்தது. சாலையோர மரங்களின் இலைகளெல்லாம் சிவந்துபோன அந்த ஆண்டுகளில், தீட்டுவதற்கு ஒரு பிடி போதுமான பொருளுக்குக் கோடிக்கணக்கான டன்களில் விலை பேசப்பட்டது.

பத்ராவதியில் 1957இல் பிறந்த ஷீலா கவுடாவின் கலை இந்த வரலாற்றின் அருகே வைத்துப் பார்க்கத்தக்கது. பெங்களூருவில் ஆர். எம். ஹடபத் நடத்திய கென் கலைப் பள்ளியிலும், பின்னர் பரோடா, சாந்திநிகேதன், இலண்டன் ஆகிய இடங்களிலும் ஓவியம் பயின்ற அவர், 1990களின் தொடக்கத்தில் எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டுச் சாணத்தை எடுத்துக்கொண்டார். சாணம் நிறமி அன்று என்றாலும், மண்சுவரையும் மண்தரையையும் மெழுகும் கைகளின் பொருள் அது. என் வலியை அவனிடம் சொல் என்று பொருள்படும் தலைப்புடன் 1998இல் அவர் படைத்த ஆக்கத்தில், ஊசிகளில் கோத்த நூறு மீட்டருக்கு மேற்பட்ட நூல், பிசினில் குழைத்த குங்குமத்தால் சிவப்பூட்டப்பட்டுக் கயிறாகச் சுவரிலும் தரையிலும் படர்கிறது. 2007இல் காசெல் நகர டாக்குமென்டாவிலும் 2009இல் வெனிஸ் பியென்னாலேயிலும் இடம்பெற்ற அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உழைப்பு, பெண், வன்முறை என்ற சொற்களைச் சுற்றியே வருகின்றன, அவை பொருத்தமானவையே. ஆனால் குங்குமத்தையும் சாணத்தையும் சாம்பலையும் அவர் எடுத்துக்கொண்ட இடம் ஓவியக் கருவிக் கடை அன்று, வீட்டு வாசலும் பூசைமாடமும் என்பது, மெழுகுவோர் மரபு முதன்முறையாக நவீனக் கலைக்கூடத்துக்குள் வந்ததற்கு அடையாளம் என்று கொள்வதில் தவறில்லை.

அவருக்குப் பின் வந்த இளம் ஓவியர்களிடையே நிலத்திலிருந்து மண்ணைச் சேகரித்துத் தாமே வண்ணம் செய்வது உலகெங்கும் ஒரு போக்காகப் பரவியிருக்க, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு குழப்பமும் பரவியிருக்கிறது. இயற்கை வண்ணம் என்பதெல்லாம் தீங்கற்றது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பழைய பட்டியல்களிலுள்ள அரிதாரமும் சாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும் இயற்கைப் பொருளோ பழமையான பொருளோதான், மூன்றும் நஞ்சு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்டு 2020இல் திருத்திய சிலைக்கரைப்பு நெறிமுறைகள் களிமண் சிலைகளுக்கு இயற்கை வண்ணங்களைப் பரிந்துரைப்பதால், பெங்களூருவில் விநாயகர் சதுர்த்தியை ஒட்டி இச்சொல்லின் வணிக மதிப்பும் கூடியிருக்கிறது. மண்வண்ணத்தின் தகுதியை இந்தச் சொல்லின்மேல் நிறுத்தினால் அது நிற்காது. ஆலையில் செய்யப்படும் செயற்கைச் சிவப்பு ஆக்சைடும் குழியிலிருந்து எடுத்த காவியும் வேதியியல்படி ஒரே ஹெமடைட். நச்சுத்தன்மையிலும் வெயிலைத் தாங்குவதிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு கலப்பில் இருக்கிறது. ஆலைப் பொடி ஏறக்குறைய முழுக்க ஆக்சைடே, துகள்கள் ஒரே அளவின, ஆதலால் பரப்பை மூடி மறைத்து ஒரே சிவப்பாகத் தெரிகிறது. காவியிலோ ஆக்சைடைவிடக் களிமண்ணும் குவார்ட்ஸும் அப்பிரகமும் மிகுதியாக இருக்கக்கூடும், அவற்றின் ஊடே ஒளி புகுந்து வெளிவருவதால் பூச்சு மெல்லியதாகவும் ஆழமாகவும் தோன்றுகிறது, ஒரு குழியின் சிவப்பு பக்கத்துக் குழியின் சிவப்போடு ஒத்துப்போவதில்லை. பெயின்ட் தொழில் மாசு என்று நீக்கிவிட்ட அந்தக் கலப்புக்காகவே ஓவியர் குழியைத் தேடிப் போகிறார்; பெங்களூருவில் அந்தக் குழி பெரும்பாலும் புதிய அடுக்ககம் ஒன்றின் அடித்தளமாகவே வாய்க்கிறது, கான்கிரீட் இறங்குவதற்குள் மண்ணை எடுத்தாக வேண்டும்.